டியூ நாள்

2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பணத் தட்டுப்பாடு மனிதரின் யோசிக்கும் திறனையே குறைத்துவிடுகிறது என்று அது சொன்னது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ. அமெரிக்க வணிக வளாகம் ஒன்றில் நடந்த சோதனைகளோடு அந்தக் கட்டுரைக்கு இன்னொரு களமும் இருந்தது. அது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். பேருந்தில் முண்டியம்பாக்கத்தைக் கடக்கும்போது சர்க்கரை ஆலை வாடை அடிக்குமே, அந்த ஊர்ப்பக்கம்தான். ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் இந்த விவசாயிகளை அறிந்த அளவுக்கு விழுப்புரம் கடைத்தெருவில் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

சோதனை எளிமையானது. படக்கட்டங்களில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்களை ஒரே விவசாயியிடம் இரண்டு முறை கொடுத்தார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு முறை. கரும்புப் பணம் வந்த பிறகு மறுமுறை. பணம் வந்த பிறகு சராசரியாக 5.45 புதிர்களுக்குச் சரியாக விடை சொன்னவர்கள், அதற்கு முன் 4.35தான் சொல்லியிருந்தார்கள். ஆள் அதே ஆள். படிப்போ வயதோ மாறிவிடவில்லை. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னர் 4 பேர்தான். ஆலை எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தராது, சில மாதங்களுக்குப் பரப்பித்தான் தரும். அதனால் வெயில், பண்டிகை போன்ற பருவக் காரணங்களை விலக்கிப் பணத்தின் விளைவை மட்டும் பார்க்க முடிந்தது. கரும்பைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

அந்தக் கட்டுரையில் ஒருவரைக் காணோம். அடகு வைத்த நகை யாருடைய கழுத்திலிருந்து கழன்றதோ, அவரை. வீட்டுக்கு வந்து கடன் கேட்பவருக்கு வாசலில் நின்று பதில் சொல்வது பெரும்பாலும் அவர்தான். கரும்பு விவசாயிக்கு ‘அறுவடைக்குப் பின்’ என்று ஒரு காலமாவது உண்டு. சில மாதங்களுக்குத் தலைப்பாரம் இறங்கும், தூக்கம் வரும், படக்கட்டப் புதிர்கூட விளங்கும். திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களில் குழுக்கடன் கட்டும் பெண்ணுக்கு அப்படி ஒரு காலம் எப்போது வரும்?

குழுக்கடன் கட்டும் இடத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காலை ஏழு மணி, எட்டு மணி. குழு லீடர் வீட்டுத் திண்ணை அல்லது வேப்பமரத்தடி. பாய் விரித்திருக்கும். ஐந்தைந்து பேராக வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டவர், களை வெட்டப் போகும் அவசரத்தில் தூக்குவாளியோடு வந்தவர், பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே காசை எண்ணுபவர் என்று எல்லாரும் இருப்பார்கள். கையில் கார்டு. அதில் தவணை எண், தேதி, தொகை, கையெழுத்து. கடன் கொடுத்த நுண்கடன் கம்பெனியின் ஊழியர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பையன். அவனும் பக்கத்து மாவட்டத்து ஏழை வீட்டிலிருந்து வந்தவன்தான். அவனுக்கும் மாதாமாதம் வசூல் இலக்கு உண்டு. அவன் டேபைத் திறக்கிறான். “என்னக்கா, மூணாவது வரிசைல ஒரு ஆள் கொறையுது?”

அந்த ஒரு கேள்வியோடு அவன் வேலை முடிந்துவிடும். குரலை உயர்த்த அவசியமே இல்லை. கூட்டுப் பொறுப்பு என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை யாரும் எழுந்து போக முடியாது. களைக்குப் போக வேண்டியவர்களுக்கு நேரம் ஆகிறது. ஒருத்தி எழுந்து அந்த வீட்டுக்குப் போகிறாள். “ஏன்டி, எங்க கூலியும் போவணுமா ஒன்னால?” இதைக் கேட்பவள் எதிரி இல்லை. நேற்று இரவல் வெங்காயம் கொடுத்தவளும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கூட ஆஸ்பத்திரிக்கு வந்தவளும் இவள்தான். கம்பெனி பேசாததை ஊர் பேசுகிறது. இந்த ஏற்பாட்டின் திறமை அங்கேதான் இருக்கிறது, கொடுமையும் அங்கேதான்.

மாதத் தவணைதானே, ஒரு நாள் சங்கடம்தானே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன், 24 சதவீத வட்டி, 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 2,100 ரூபாய் வரும். ஒரு கம்பெனியோடு நின்றால் சமாளிக்கலாம். நான்கு கம்பெனி என்றால் 8,400. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். நூறு நாள் வேலையின் 2025-26ஆம் ஆண்டுக் கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் வேலை கிடைத்து, அளவுக் குறைப்பில்லாமல் முழுக்கூலி வந்தாலும் 33,600 ரூபாய்தான். இது போக, நான்கு கம்பெனிக்கு நான்கு தேதிகள். ஐந்தாம் தேதி ஒருவன், பன்னிரண்டில் ஒருவன், பத்தொன்பதில் ஒருவன், இருபத்தாறில் ஒருவன். நான்கு மாதத் தவணைகள் சேர்ந்து ஒரு வாரத் தவணை ஆகிவிடுகின்றன. இடையில் தண்டல்காரர் தினமும் பைக்கில் வருவார். அவர் கணக்கு எந்தக் கணினியிலும் ஏறாது.

ஒருவருக்கு நான்கு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பான எம்ஃபின் 2024இல் தன் உறுப்பினர்களுக்கு வரம்பு வைத்தது. 2025 ஏப்ரலிலிருந்து அதை மூன்றாகக் குறைத்தது. சுமை கூடிவிட்டது என்பதைக் கடன் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்ட தருணம் அது.

வருமானம் வரும் தேதிக்கும் தவணைத் தேதிக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்தப் பெண்களின் தூக்கம் தொலைகிறது. 2025 மார்ச்சில் நூறு நாள் வேலைக் கூலி பாக்கியாகத் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டியது 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி மாநிலத்தின் அன்றைய ஆளுங்கட்சியே ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடத்தியது. செய்த வேலைக்கு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. அந்த மாதங்களிலும் ஏழு மணிக் கூட்டம் நடந்தது. அரசு தவணை தவறினால் அது ‘நிலுவை’. அதே அரசிடம் கூலிக்குக் காத்திருக்கும் பெண் தவறினால் அது அவளுடைய நடத்தைக் குறை, கடன் மதிப்பெண்ணில் ஏறும் கறை.

மரக்காணம் உப்பளங்களுக்குப் போகலாம். மழை தொடங்கினால் பாத்திகளில் வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் வெறும் மாதங்கள். இதைத் தமிழக அரசும் ஏற்றுக்கொண்டு, உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. உப்பு மழையில் விளையாது என்பது அரசாணைக்குத் தெரிந்திருக்கிறது, கடன் கார்டுக்குத் தெரியவில்லை. அதில் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவுக் கட்டங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பறிக்கும் வேலை, சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, செங்கல் சூளைக்கு மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போவது என்று இந்தப் பக்கத்துப் பிழைப்பு எல்லாமே பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. 2024 டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியபோது, பருவ வேலையையும் அடித்துக்கொண்டு போனது.

கடன் சுமையை மனச் சுமையாக யாரும் இங்கே மருத்துவரிடம் சொல்வதில்லை. தலைபாரம், நெஞ்சு படபடப்பு, ‘ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது டாக்டர்’ என்றுதான் வரும். பிபி மாத்திரையோடு திரும்பிப் போவார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஒதுங்குவது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பிள்ளையிடம் போனைக் கொடுத்து ‘அம்மா இல்லன்னு சொல்லு’ என்பது, சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போகாமல் நிற்பது; இவற்றை நோய்க்குறி என்று எழுத எந்தச் சீட்டிலும் இடமில்லை.

குழு என்பது எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய சுய உதவிக் குழுக்களில் சேமிப்புதான் முதலில் வந்தது, கடன் பிறகு. வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் சேர்த்து, அந்தப் பணத்தில் யாருக்கு அவசரமோ அவருக்குக் கொடுத்தார்கள். 1997இல் மகளிர் திட்டம் இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தக் கூட்டங்களில் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், வங்கி மேலாளர் எதிரில் உட்காரக் கற்றார்கள், குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி முதல் முறையாக வெளியில் பேசினார்கள். அதில் குறைகள் ஏராளம், கட்சி அரசியலும் புகுந்தது. ஆனால் ஒருத்தி ஒரு மாதம் கட்ட முடியாவிட்டால் ஏன் என்று கேட்கவும் அடுத்த மாதம் தா என்று சொல்லவும் குழுவுக்கே அதிகாரம் இருந்தது. பணம் அவர்களுடையது. கம்பெனிக் குழுவில் பாய், வரிசை, உறுதிமொழி எல்லாம் அதே மாதிரிதான் இருக்கின்றன; அந்த அதிகாரம் மட்டும் இல்லை.

இந்த வட்டாரத்தின் கடனை இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தொடர்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் இசபெல் கெரானும், அவரோடு ஜி. வெங்கடசுப்ரமணியன், சந்தோஷ் குமார் ஆகியோரும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை மையமாக வைத்து விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களில் வேலை செய்தார்கள். 2010இல் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களிடம் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இவர்களுடைய ‘கடன்பட்ட பெண்’ என்ற ஆங்கில நூல் அந்த நீண்ட உழைப்பின் விளைச்சல். இவர்கள் காட்டியவற்றில் ஒன்று நம் பொருளுக்கு மிக முக்கியம். பெண்கள் கடனை வட்டி விகிதத்தால் மட்டும் அளப்பதில்லை. யாரிடம் வாங்கியது, அவர் என்ன சாதி, கேட்க வரும்போது தெருவில் நின்று கேட்பாரா, ஆளனுப்பிச் சொல்வாரா, என்ன பேச்சுப் பேசுவார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு கடன் நல்ல கடனா கெட்ட கடனா என்று முடிவாகிறது. மானம் கெடாத கடன் என்றால் அதிக வட்டியையும் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு கடனை இன்னொன்றால் அடைத்து, அதை மற்றொன்றால் அடைத்து, நாள் முழுக்க மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் இந்த உழைப்புக்குக் கூலி இல்லை. வீட்டுக்காரருக்குப் பாதிதான் தெரியும்.

வங்கியாளர்கள் வட்டி விகிதத்தைப் பற்றியே பேசுவதும், அரசியல்வாதிகள் தள்ளுபடியைப் பற்றியே பேசுவதும் இதனால்தான் குறி தவறுகின்றன. வலி இருக்கும் இடம் தேதியும் வாசலும்.

இதற்குச் சான்று கொல்கத்தாவில் இருக்கிறது. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலானோர் அங்கே நுண்கடன் வாங்கிய 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வாரத் தவணை, மறுபாதிக்கு மாதத் தவணை. ஏழு வாரம், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை செல்பேசியில் அழைத்து வரவு, செலவு, மனநிலை எல்லாம் கேட்டார்கள். 2012இல் முடிவு வெளியானது. மாதத் தவணைக்காரர்களிடம் கடனை நினைத்துக் கவலையும் பதற்றமும் கொள்வது 51 சதவீதம் குறைவாக இருந்தது; கட்டிவிடுவோம் என்ற நம்பிக்கை 54 சதவீதம் அதிகம். தொழிலில் போட்ட பணமும் வந்த வருமானமும்கூடக் கூடியிருந்தன. இதே ஆய்வாளர்களின் முந்தைய சோதனையில், மாதத் தவணைக்கு மாற்றியதால் பாக்கி விழுவது கூடவில்லை என்பதும் தெரியவந்திருந்தது. கம்பெனிக்கு நஷ்டமில்லாமல் மனப் பதற்றம் பாதியானது. கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, வட்டியைக் குறைக்கவில்லை. தேதியை மாற்றினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடிக்கடி கூடுவதால் பெண்களுக்குள் நட்பும் உதவியும் வளர்கின்றன என்று கண்டறிந்ததும் இதே கொல்கத்தாக் குழுவினர்தான். அப்படியானால் கூட்டம் இருக்கட்டும், வசூல் வேறிடத்தில் நடக்கட்டும் என்று சொல்வதில் என்ன தடை? இன்று பணத்தை வங்கிக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள முடியும். கூட்டத்தில் வைத்துக் காசை எண்ண வைப்பதற்கு வசூல் வசதியைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கடன் கிடைத்தாலே மனம் நிமிரும் என்ற நம்பிக்கை 2006இல் முகமது யூனுசும் கிராமீன் வங்கியும் நோபல் பரிசு பெற்றபோது உச்சத்தில் இருந்தது. இரண்டே ஆண்டில், 2008இல், தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை ஒன்று வேறு விதமாகச் சொன்னது. முதலில் மறுக்கப்பட்டுப் பிறகு குலுக்கலில் கடன் பெற்றவர்களிடம், பெறாதவர்களைவிட மன அழுத்தம் அதிகமாக இருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் ஆண்களிடம் குறைந்தன, பெண்களிடம் குறையவில்லை. அங்கே வட்டி ஆண்டுக்கு 200 சதவீதம், அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஆண், பெண் வேறுபாடு யோசிக்க வைக்கிறது. கடன் தரும் நிமிர்வு ஒருவருக்கும் கடன் தரும் கணக்கு இன்னொருவருக்கும் போய்ச் சேர்கிறதோ என்னவோ. நம் ஊரில் கார்டு பெண் பெயரில். அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டணம், மாமியார் வைத்தியம், நாத்தனார் சீர், கணவர் வண்டி.

சட்டங்களும் வராமல் இல்லை. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் சேர்ந்து வந்தபோது அந்த மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. பதினைந்து ஆண்டு கழித்து, 2025இல், தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பின்தொடர்வது, வழிமறிப்பது, இழிவாகப் பேசுவது, வெளியாட்களை அனுப்புவது எல்லாம் அதில் குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் ஏழு மணிக்கு ஒரு பையன் மரியாதையாகக் கேட்கும் ‘ஒரு ஆள் கொறையுதுக்கா’ எந்தப் பிரிவிலும் வராது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்டே ஒருத்தியை நொறுக்க முடியும் என்பதுதான் இதில் சங்கடமான செய்தி.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களாகச் சுய உதவிக் குழுப் பெண்களையே எடுத்தார்கள். கடன் கூட்டத்தின் மணம் குணம் தெரிந்தவர்கள். வாசலில் உட்கார்ந்து பிபி பார்க்கிறார்கள். கூடவே ‘தூக்கம் வருதா, எத்தன டியூ ஓடுது’ என்று கேட்கச் சொல்லலாம். பதில் கனமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கோ கைகாட்டலாம். அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

அடுத்தது கடன் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளில், அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை அமைத்துக்கொள்ள வழி செய்யும் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் வகுத்திருக்க வேண்டும் என்பது அது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது, குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பனவும் அதே விதிகளில் உண்டு. மரக்காணத்துப் பெண்கள் மாசி முதல் புரட்டாசி வரை மட்டும் தவணை கேட்கலாம். நூறு நாள் கூலியை நம்பியிருப்பவர்கள் கூலி ஏறும் தேதிக்குப் பின் கேட்கலாம். விழுப்புரம் ஆட்சியர் தலைமையில் வங்கியாளர்கள் கூடும் கூட்டத்தில் நுண்கடன் நிறுவனங்களையும் உட்காரவைத்து, அந்தத் தவணைக் கொள்கையை மேசையில் வைக்கச் சொல்லலாம். குழு லீடராக இருக்கும் அக்காமார்களும், அவர்களோடு வேலை செய்யும் சங்கத்துத் தோழர்களும் அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கொள்கையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.